நாலு அங்குலக் கல்

தரையிலிருந்து பேசின் விளிம்பு வரை முப்பத்தொன்பதரை அங்குலம். எதையும் வரிசைப்படி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே இந்த அளவை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்த வினை.

குளியலறைச் சாமான்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில் நான் டிசைனர். பேசினைத் தாங்கி நிற்கும் மேசை இருக்கிறதல்லவா, தொழிலில் அதை வேனிட்டி என்போம், அதை வரைந்து கொடுப்பது என் வேலை. இரண்டு வருடம் முன்பு வரை கம்பெனிப் புத்தகத்தில் இருந்ததையே திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருந்தேன். சொந்த யோசனைகள் எல்லாம் ஒரு நோட்டில் தூங்கின. பழைய தோல்பெட்டியைப் பிளந்து இரண்டு இழுப்பறை. பஸ் ஜன்னல் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி. கழிவுக் குழாயைச் சுற்றி வளைந்துபோகும் டிராயர். இப்படி நாற்பத்து மூன்று. வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள், "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், பிறகு எல்லாரும் வாங்கும் வெள்ளை அலமாரியையே வாங்கிப் போவார்கள்.

அப்போதுதான் அண்ணன் வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்கிற பேச்சு வந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீடு தங்கினால் அதிகம், அப்போதும் முகம் கழுவுவது பின்பக்கத் துணி துவைக்கிற இடத்தில்தான். என் கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி கையால்தான் சாப்பிட்டேன். அந்த உரிமையில், "பேசின் வேலைய என்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

"விடறோம் தம்பி. தண்ணி வந்தா சரி" என்றார் அண்ணி.

பழைய இரும்புக் கடையில் ஒரு தையல் மிஷினின் கால்சட்டம் கிடைத்தது. பக்கச் சக்கரம், கீழே மிதிபலகை, பூவேலை போட்ட இரும்புக் கால்கள். மேலே ஒன்றரை அங்குல மரப்பலகை போட்டு, அதன்மேல் கிண்ணம்போன்ற வெள்ளை பேசினை உட்காரவைத்தேன். மிதிபலகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் குழாயின் ஸ்பிரிங்கில் கோத்தேன். காலால் மிதித்தால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். சோப்புக் கையால் குழாயைத் தொட வேண்டியதில்லை. இதெல்லாம் நல்ல யோசனைகள்தான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசியாக ஒன்று செய்தேன். நாலு இரும்புக் கால்களுக்கும் அடியில் நாலு அங்குலக் கருங்கல் துண்டுகள் நாலு வைத்தேன். தரை ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க என்று எல்லாரிடமும் சொன்னேன். துருவுக்கு அரை அங்குல ரப்பர் போதும். அது எனக்குத் தெரியும்.

மாட்டின அன்று தச்சர் எட்டி நின்று பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"தம்பி, இது கொஞ்சம் ஒசரமா தெரியல?"

"எனக்குச் சரியா இருக்கே."

"உங்களுக்கு இருக்கும். பனமரத்துல பாதி இருக்கீங்க. இங்க பொழங்கப்போறது யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா? அண்ணன் ரோட்டுல. நீங்க தனிக்குடித்தனம் போயாச்சு. மிச்சம் யாரு? அந்தம்மாவ ஒருதரம் கூப்பிட்டு நிக்க வச்சுப் பாத்துடலாம். கல்ல உருவறதுன்னா ரெண்டு நிமிஷ வேல."

நான் போனை எடுத்துப் படம் பிடித்துப் பார்த்தேன். கல் இருந்தால் சக்கரம் முழு வட்டமாகத் தெரிந்தது, அதன் நிழல் டைல்ஸில் விழுந்தது. கல்லை எடுத்துவிட்டு ஒரு படம் எடுத்தேன். அடைகாக்கும் கோழி மாதிரி அமுங்கிக் கிடந்தது.

"வேண்டாம். கல்லு இருந்தாதான் படத்துல எடுப்பா இருக்கு. அவங்க பழகிக்குவாங்க" என்றேன்.

"மூஞ்சி கழுவப்போறது படமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தச்சர் கல்லைத் திரும்பச் செருகினார்.

அண்ணிக்கு நாலடி பத்து அங்குலம். நிற்கவைத்து அளந்து சொல்லவில்லை. நாலு வருடம் கூட இருந்தவன் சொல்கிறேன். அந்தக் குளியலறையில் கதவின் வீச்சு, ஜன்னலின் வெளிச்சம், குழாய்க்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் மூன்று முறை அளந்து நோட்டில் குறித்தவன் நான். அதில் நிற்கப்போகிற ஆளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் அந்த நோட்டில் இல்லை.

அந்தப் படம் என்னைத் தூக்கிவிட்டது. ஷோரூம் வாசலில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதே மாதிரி வேண்டும் என்று பதினோரு வீட்டுக்காரர்கள் கேட்டு, பதினொன்றும் செய்துகொடுத்தேன், கல்லோடு. பிறகு வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்று, முதன்முதலில் செய்ததை வீட்டில் புழங்குகிற நிலையிலேயே படமெடுக்க வருவதாகச் சொன்னது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இது மட்டும் வந்துடட்டும், புதுக் கிளைக்குத் தலைமை டிசைனர் நீங்கதான்" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒன்பதுக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"வாங்க டிசைனர் சார்" என்று அண்ணி கதவைத் திறந்தார். "கொழுந்தனாரு பேப்பர்ல வரப்போறாரு. இனிமே நாங்கல்லாம் டோக்கன் வாங்கிட்டுத்தான் பாக்கணும் போல."

"சும்மா இருங்க அண்ணி" என்று சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனேன்.

என் தொழிலில் ஒரு பேசினைப் பார்த்தாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். தினம் புழங்குகிற பேசினில் தண்ணீர் விழுகிற இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் இருக்கும். சோப்பு வைக்கிற மூலையில் வழவழப்பு இருக்கும். இதில் எதுவும் இல்லை. கடையிலிருந்து வந்த அன்று எப்படிப் பளபளத்ததோ அப்படியே பளபளத்தது. சோப்பு காய்ந்து நடுவில் வெடித்திருந்தது. பல் துலக்கும் பிரஷ் வைக்க நான் பார்த்துப் பார்த்துச் செய்த பித்தளைக் குவளையில் பிரஷ் இல்லை.

கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஒரு செங்கல். செங்கல்லுக்குப் பழைய சேலைத் துணியில் தலையணை உறைபோல அளவெடுத்து உறை தைத்துப் போட்டிருந்தது.

"இந்தச் செங்கல் எதுக்கு அண்ணி?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அதுவா? கதவு காத்துல அடிச்சுக்குது தம்பி. முட்டு குடுக்க."

அந்தக் குளியலறையில் காற்று வர வழி கிடையாது. திறக்காத கண்ணாடி ஜன்னல், அளந்தவன் நான். குனிந்து பார்த்தேன். மிதிபலகையின் நடுவில் செங்கல் அளவுக்குப் பூச்சு உரசிப்போயிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே நின்றால் மிதிக்கலாம், ஆனால் கை வாகாக எட்டாது. ஸ்டூலில் ஏறினால் கை எட்டும், ஆனால் மிதிக்க முடியாது. ஆகவே அண்ணி மிதிபலகையில் செங்கல்லை வைத்து, ஸ்டூலில் ஏறி, முகம் கழுவி, இறங்கி, செங்கல்லை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பலகையில் கீறல் விழக் கூடாது என்று அதற்கு உறையும் தைத்திருக்கிறார். கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போய் சமையலறைத் தொட்டிக்கே போய்விட்டார். பிரஷ் அங்கேதான் ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. பிறகு பார்த்தேன்.

புரிந்த அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஸ்டூலையும் செங்கல்லையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மறைத்தேன். திரும்பி வந்து சோப்பை நனைத்து, வெடிப்பு மறைகிற வரைக்கும் என் உள்ளங்கையில் தேய்த்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவந்து பித்தளைக் குவளையில் போட்டேன். கடையில் ஒரு சாமானைக் காட்சிக்கு வைப்பதுபோல எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். அண்ணி சமையலறை வாசலில் நின்று, நான் பிரஷ்ஷைக் கொண்டுபோவதைப் பார்த்தார்.

பத்திரிகைக்காரப் பெண்மணி சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே புகைப்படக்காரர். இருவரும் குளியலறையைப் பார்த்ததும் "ஆஹா" என்றார்கள். நான் நோட்டை விரித்து யோசனைகளைச் சொன்னேன். அந்தப் பெண்மணி குறித்துக்கொண்டார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டு வருஷமா பொழங்கறீங்க. எப்படி இருக்கு?"

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. வர்றவங்க எல்லாம் முதல்ல இதைத்தான் பாப்பாங்க. மிதிச்சா தண்ணி வரும், எங்க கொழுந்தனாரோட மூளை."

"சௌகரியமா இருக்கா?"

"சௌகரியத்துக்கு என்னம்மா" என்றார் அண்ணி. சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பழகிக்கிட்டா எல்லாம் சௌகரியம்தான்."

தச்சரிடம் நான் சொன்ன அதே வார்த்தை. பேசினை மாட்டின அன்று கதவு திறந்திருந்தது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒன்பது அடி. அதையும் அளந்தவன் நான்தான்.

"அப்படியே மூஞ்சி கழுவுற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்றார் புகைப்படக்காரர்.

அண்ணியின் கண் ஒரு கணம் கதவுப் பின்பக்கம் போய், வெறுமையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வேறு வழியில்லாமல் பேசின் முன்னால் போய் நின்றார். விளிம்பு அவர் மார்புக்கு நேராக இருந்தது. மிதித்தார். தண்ணீர் வந்தது. கையை உயர்த்தி ஏந்தி முகத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீர் முகத்துக்குப் போகவில்லை, மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் திரும்பி, ரவிக்கைக் கையை நனைத்துக்கொண்டு இடுப்பு வரை போனது. அண்ணி பதறி மிதியை விட்டார். தண்ணீர் நின்றது. சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ, என் உயரம் அப்படி" என்று அண்ணி சிரித்தார். "என்னை எதுல நிக்க வச்சாலும் குட்டையாத்தான் தெரிவேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

பத்திரிகைக்காரப் பெண்மணி நல்லவர். அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். சங்கடத்தைத் தீர்க்க, "சார், நீங்களே நில்லுங்களேன். டிசைன் பண்ணவரே நின்னா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "உயரம் அவங்க தப்பில்லை, என் தப்பு." அவ்வளவுதான். மனசுக்குள் அது முழுசாக உருவாகி நாக்கு வரைக்கும் வந்தது. அதோடு புதுக் கிளையும் வந்தது, தலைமை டிசைனர் என்று எழுதின கதவும் வந்தது. நான் போய் நின்றேன். என் முழங்கைக்குக் கச்சிதமாக இருந்தது. மிதித்தேன், கை கழுவினேன், சிரித்தேன். ஐந்தாறு படம் எடுத்தார்கள். அண்ணி படத்துக்கு வெளியே, ஈரக் கையோடு, நான் துடைத்துக்கொள்ளத் துண்டு பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனபிறகு சமையலறைக்குப் போனேன். அண்ணி நனைந்த ரவிக்கையோடேயே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு நான் தச்சர்கிட்ட சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? நீ என்ன ரகசியமா சொன்னே? பாத்ரூம்ல பேசினா மைக் வச்ச மாதிரிதான் கேக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

டீயை ஆற்றி என்முன் வைத்தார். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலில் அது இல்லை.

"முதல்ல ரெண்டு நாள் திட்டிக்கிட்டேதான் கழுவினேன். பெத்தவங்க வளக்காத உயரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்னு. அப்புறம் நீ அந்தப் படத்தை எடுத்துட்டு ஓடி வந்தே. கடை வாசல்ல மாட்டிட்டாங்க அண்ணின்னு. நாலு வருஷம் இந்த வீட்டுல இருந்தே, அப்படி ஒரு சிரிப்பு உன் மூஞ்சியில நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் கல்லை எடுன்னு எந்த வாயால சொல்றது?"

நான் டீ டம்ளரை நகர்த்தினேன்.

"அதுகூடப் பரவாயில்ல தம்பி. இன்னிக்கு செங்கல்லைக் கொண்டுபோய் ஒளிச்சே பாரு. கேட்டிருந்தா நானே ஒளிச்சிருப்பேன். பிரஷ்ஷக்கூட நானே கொண்டாந்து வச்சிருப்பேன். திருடன் மாதிரி நீ எடுத்துட்டுப் போனதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

எழுந்துபோய்த் தச்சருக்குப் போன் போட்டேன். "அந்தக் கல்ல உருவணும்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்கு வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பதிலுக்குத் தலைகுனியவாவது முடிந்திருக்கும். அவர் வாயே திறக்கவில்லை. ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் அவர் கல்லை இழுத்தார். நாலு கல்லும் வந்துவிட்டன. கம்பியையும் கழிவுக் குழாயையும் அளவுக்குக் குறைத்தோம். அவர் சொன்ன இரண்டு நிமிடம் அரைமணி ஆயிற்று, இரண்டு வருடத்தில் கல் தரையோடு ஒட்டிக்கொண்டதால்.

மேசை கீழே இறங்கியதும் சுவரில் நாலு அங்குலத்துக்கு வெறும் சிமெண்ட் பட்டை தெரிந்தது. மேசைக்குப் பின்னால் மறைகிற இடம்தானே என்று அங்கே டைல்ஸ் ஒட்டாமல் விட்டிருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. சக்கரத்தின் நிழலும் போய்விட்டது.

"நாளைக்கே டைல்ஸ் கொண்டாந்து அடைச்சுடறேன் அண்ணி."

"அது கெடக்கட்டும், தள்ளு" என்று அண்ணி முன்னால் வந்தார். மிதித்தார். ஏந்தினார். தண்ணீர் முகத்தில் விழுந்து, பேசினிலேயே வழிந்தது. இன்னொரு முறை ஏந்தினார். இன்னொரு முறை. முகம் கழுவி முடித்தபிறகும் மிதியை விடாமல் கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றார். முழங்கை காய்ந்தே இருந்தது. நான் அந்த முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சௌகரியமாத்தான் இருக்கு" என்றார். பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன குரல் இல்லை இது.

மாலையே அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். காலையில் எடுத்த படங்களில் இருக்கும் உயரம் தவறு, அதைப் புழங்குகிறவர் அவற்றில் இல்லை, கல்லை எடுத்தபிறகு விளிம்பின் உயரம் முப்பத்தைந்தரை அங்குலம், சிமெண்ட் பட்டையோடு படம் எடுக்கச் சம்மதமானால் வரலாம், இல்லாவிட்டால் போட வேண்டாம் என்று வரிசையாக எழுதினேன். படம் நன்றாக வராது, மன்னிக்கவும் என்று நல்லபடியாகவே பதில் எழுதினார். அந்த இதழில் எங்கள் பக்கம் வரவில்லை. "ஆளுக்கு ஆள் உயரம் மாறும், அதுக்கு நாமளா ஜவாப்தாரி?" என்றார் மேனேஜர். புதுக் கிளைக்கு வேறொருவர் போனார்.

மீதி பதினோரு வீடுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தச்சரையும் கூட்டிக்கொண்டு முதல் வீட்டு மணியை அடித்தேன். வீட்டுக்காரர் என்னைவிட உயரம். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

"அடடே, டிசைனர் சார்! வாங்க வாங்க. உங்க கைவேலையப் பாக்காதவங்களே இல்ல சார் எங்க சொந்தத்துல."

குளியலறைக்கு அழைத்துப்போனார். பேசின் பளபளத்தது. நான் கதவைக் கொஞ்சம் சாத்திப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு மரப்பலகையும், அதன்மேல் தட்டையான ஒரு அம்மிக்கல் துண்டும் இருந்தன.

அவர் முகம் சிவந்துவிட்டது. அவசரமாக அதைக் காலால் ஓரம் தள்ளினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுல கொஞ்சம் உயரம் கம்மி. எவ்வளவோ சொல்லிட்டேன், இன்னும் பழகிக்க மாட்டேங்கறா."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. நான் தச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பையைத் தரையில் வைத்துத் திறந்தார்.

"அவங்கள ஒருதரம் கூப்பிடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "நிக்க வச்சு அளக்கணும். முதல்லயே அளந்திருக்கணும்."